எண்ணெய் வண்ணத்தில் மேய்ச்சல் நிலக்காட்சி: மாடு தரையில் நிற்பது எப்படி?

மேய்ச்சல் காட்சி வரையப் புதிதாக உட்காருபவர்கள் பெரும்பாலும் மாட்டில்தான் தொடங்குவார்கள். கொம்பு, காது, கண், வால் எல்லாம் பென்சிலில் கச்சிதமாக வந்துவிடும். அதைச் சுற்றிப் பச்சை அடித்து, மேலே நீலம் பூசிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், மாடு காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். கால் புல்லில் பதிந்திருக்காது, வெயில் அதன்மேல் விழுந்திருக்காது. மாட்டைத் திருத்தத் திருத்தப் படம் இன்னும் மோசமாகும். கோளாறு மாட்டில் இல்லை, வரைந்த வரிசையில் இருக்கிறது.

மேய்ச்சல் ஓவியம் என்பது வெளிச்சத்தின் ஓவியம். வானத்தை நிரப்பும் வெளிச்சம்தான் புல்லிலும் மரத்திலும் மாட்டின் முதுகிலும் விழுகிறது. அந்த ஒரே வெளிச்சம் படம் முழுக்க ஓடினால் மாடு தானாகவே தரையில் நிற்கும். ஓடவில்லை என்றால் எவ்வளவு நுணுக்கமாக மயிர் மயிராக வரைந்தாலும் நிற்காது. வானம் முதலில், நிலம் அடுத்தது, மாடு கடைசியில். ஆனால் மாட்டுக்கான இடமும் அளவும் தொடக்கத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இந்த வகை ஓவியம் தனித் துறையாகச் செழித்தது 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில். அங்கே இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும், இந்தக் கலையின் இரண்டு முனைகளும் கைக்கு வந்துவிடும்.

ஒருவர் டோர்ட்ரெக்ட் நகரத்து ஆல்பர்ட் கைப் (1620–1691). ரோமில் இருந்துவிட்டுத் திரும்பிய யான் போத் என்ற ஓவியரின் படங்களிலிருந்து பொன்னிறத் தெற்கத்தி வெளிச்சத்தை எடுத்து, தன் ஊர்ப் புல்வெளிமேல் ஊற்றியவர். தொடுவானத்தை மிகத் தாழ்வாக வைத்து, படத்தின் பெரும்பகுதியை வானத்துக்கே கொடுப்பார். அந்த வானத்துக்கு எதிரே மாடுகள் கனமான இருண்ட உருவங்களாக எழும்.

மற்றவர் பவுலஸ் பாட்டர் (1625–1654). 1647இல் இவர் வரைந்த ‘காளை’ ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 2 மீட்டர் 35 செ.மீ., அகலம் 3 மீட்டர் 39 செ.மீ. காளை ஏறக்குறைய நிஜ அளவு. அதைச் சுற்றிப் பறக்கும் ஈ, தரையில் கிடக்கும் சாணம், ஒரு தவளை, வானத்தில் ஒரு வானம்பாடி என எதையும் விடவில்லை. இத்தனைக்கும் அந்தக் காளை ஒரே காளை இல்லை. வெவ்வேறு வயதுள்ள மாடுகளின் உறுப்புகளைச் சேர்த்து அமைத்தது. பிரெஞ்சு ஓவியர் கான்ஸ்டன் துரோயோன் 1847இல் ஹாலந்து போய் பாட்டரையும் கைப்பையும் பார்த்த பிறகுதான், வெறும் நிலக்காட்சியை விட்டு மாடுகள் பக்கம் திரும்பினார்.

தொடங்குபவர்களுக்கு வழிகாட்டி கைப்தான், பாட்டர் அல்ல. பாட்டரின் நுணுக்கம் பார்த்ததுமே மயக்கும். முதல் படத்தில் அதைத் துரத்தினால் வெளிச்சம் கைநழுவிவிடும்.

இனி கைப்பின் பாணியில் ஒரு படம். அளவு 40×60 செ.மீ. (16×24 அங்குலம்), அகலவாட்டில். தட்டையான டச்சுப் புல்வெளி, பிற்பகல் வெயில், முன்னால் இரண்டு மாடுகள் நிற்க ஒன்று படுத்திருக்கிறது, தொலைவில் புள்ளி புள்ளியாக இன்னும் சில. இடது ஓரத்தில் ஒரு வில்லோ மரம், கீழே ஒரு நீர்க்கால்வாய், தொடுவானத்தில் ஒரு தேவாலயக் கோபுரத்தின் முனை. சூரியன் இடப்பக்கம், நமக்கு எதிரே, மாடுகளுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. அதாவது மாடுகளின் நம்மைப் பார்த்த பக்கம் நிழலில் இருக்கும்.

வாங்க வேண்டியவை

டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், கேட்மியம் யெல்லோ லைட், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் ப்ளூ, ஐவரி பிளாக். எட்டு டியூப் போதும். வெள்ளை மற்ற நிறங்களைவிடப் பல மடங்கு செலவாகும். அதை மட்டும் பெரிய டியூபாக வாங்குங்கள்.

பச்சை டியூப் வாங்க வேண்டாம். இது கஞ்சத்தனத்துக்காகச் சொல்வதில்லை. டியூபிலிருந்து நேரே வரும் பச்சை படத்தில் எங்கும் ஒரே பச்சையாகத்தான் உட்காரும். புல்வெளி பிளாஸ்டிக் விரிப்புபோலத் தெரிவதற்கு முதல் காரணம் அதுதான். கலந்து எடுக்கும் பச்சையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றம் வரும். அந்த மாற்றம்தான் புல்.

தூரிகையில் பன்றிமயிர்த் தட்டை வகை 12, 8, 6. முனை வளைந்த ஃபில்பர்ட் 6, 4. மென்மயிர் உருண்டை வகை 2. கிளைகளுக்கு நீண்ட மயிருள்ள ரிக்கர் ஒன்று. இதோடு ஒரு பேலட் கத்தி, டர்பன்டைன் (மணமற்ற மினரல் ஸ்பிரிட் இருந்தால் இன்னும் நல்லது), சுத்திகரித்த ஆளிவிதை எண்ணெய், பழைய பருத்தித் துணி.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகிப் படலமாகும். எண்ணெய் வண்ணம் காய்வது என்பது இதுதான், ஆவியாவது அல்ல. தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் அப்படி முழுதாக இறுகும் குணம் கிடையாது. வீட்டில் இருக்கிறதே என்று வண்ணத்தில் கலந்தால் அந்தப் படம் மாதக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

கேன்வாஸ் கடையில் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் போடும் வெள்ளைப் பூச்சு) பூசியே கிடைக்கும். பெரும்பாலும் பூச்சு மெல்லிசாக இருக்கும் என்பதால், மேலே இன்னும் இரண்டு பூச்சு கொடுத்து, காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஜெஸ்ஸோ இல்லாத வெறும் துணியில் எண்ணெய் வண்ணம் போடக் கூடாது. எண்ணெய் துணியை ஊடுருவி, வருடங்கள் போகப் போக இற்றுப்போகச் செய்யும்.

தொடுவானமும் மாட்டின் அளவும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

தட்டையான நிலத்தில் தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண் உயரத்தில் இருக்கும். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பார்த்தால் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர். அப்படியானால் படத்தில் எந்த இடத்தில் எது நின்றாலும், அதன் அடியிலிருந்து தொடுவானக் கோடு வரை உள்ள தூரம் நிஜத்தில் 1 மீட்டருக்குச் சமம். வளர்ந்த பசுவின் தோள் உயரத்தை 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே குளம்பு எங்கே ஊன்றுகிறது என்று முடிவு செய்து, அங்கிருந்து தொடுவானம் வரை அளந்து, அதை 1.4ஆல் பெருக்கினால் மாட்டின் உயரம் கிடைத்துவிடும்.

நம் கேன்வாஸில் கீழ் ஓரத்திலிருந்து 13 செ.மீ. மேலே தொடுவானத்தைக் கோடு போடுங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. முன்னால் நிற்கும் மாட்டின் குளம்பு தொடுவானத்துக்கு 7 செ.மீ. கீழே என்றால் மாட்டின் உயரம் 9.8 செ.மீ. அதற்குச் சற்றுப் பின்னால் 6 செ.மீ. கீழே நிற்பதற்கு 8.4 செ.மீ. தொலைவில், தொடுவானத்துக்கு ஒரே ஒரு செ.மீ. கீழே நிற்கும் மாடு 1.4 செ.மீ.தான். படுத்திருக்கும் மாட்டின் முதுகு நிற்கும் உயரத்தில் ஏறத்தாழ பாதி, அதாவது 0.7 மீட்டர்; தொடுவானத்துக்கு 8 செ.மீ. கீழே படுக்க வைத்தால் அதன் முதுகு 5.6 செ.மீ. உயரத்தில் முடியும். பக்கத்தில் மேய்ப்பர் ஒருவரை நிறுத்த விரும்பினால் 1.6ஆல் பெருக்குங்கள்.

நிற்கும் மாடுகள் கிட்டே இருந்தாலும் எட்டத்தில் இருந்தாலும் அவற்றின் முதுகெல்லாம் தொடுவானத்தைத் தாண்டி வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். படுத்தது மட்டும் முழுக்க நிலத்துக்குள் அடங்கிவிடும். கைப்பின் மாடுகளுக்கு இருக்கும் அந்தக் கம்பீரம் இந்தத் தாழ்ந்த கண்மட்டத்தால் வருவது. இதே கண்மட்டத்தில் ஒரு மாட்டை மட்டும் மேலிருந்து பார்ப்பதுபோல, முதுகின் மேற்பரப்பு முழுக்கத் தெரிய வரைந்துவிட்டால் போதும், மொத்தக் காட்சியும் சரிந்து நிற்கும். போட்டோவைப் பார்த்து வரைபவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. ஒரு மாடு ஒரு போட்டோவிலிருந்தும் இன்னொன்று வேறொன்றிலிருந்தும் வரும். ஒன்று உட்கார்ந்து எடுத்தது, ஒன்று மாடியிலிருந்து எடுத்தது.

கணக்கு தட்டை நிலத்துக்குத்தான். மேடு பள்ளம் வந்தால் இது செல்லாது. முதல் படத்துக்கு டச்சு நிலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இடம் பிரிப்பதில் இன்னொரு பழக்கம் வேண்டும். மாடுகளைச் சம இடைவெளியில் வரிசையாக நிறுத்தாதீர்கள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று மறையும்படி சேர்த்து ஒரே கட்டியாக்கி, மூன்றாவதைச் சற்று விலக்குங்கள். ஒன்று நம் பக்கம் பின்புறத்தைக் காட்டி நிற்பது, ஒன்று தலை குனிந்து மேய்வது, ஒன்று படுத்து அசைபோடுவது என்று வைத்தால் மூன்றும் மூன்று விதமாகும்.

நான்கு தளங்கள்

நிறத்தை மறந்துவிட்டு, வெளிர் எது, அடர் எது என்று மட்டும் பாருங்கள். கண்ணைப் பாதி இடுக்கிக்கொண்டால் நிறம் மங்கி இது தெரியும். வெளிச்சத்தின் ஊற்றே வானம் என்பதால் அதுதான் எல்லாவற்றிலும் வெளிர். மல்லாந்து கிடக்கும் தரை வானத்தை நேராகப் பார்க்கிறது, ஆகவே அடுத்த வெளிர். கால்வாய்க் கரைபோன்ற சரிவு அதைவிட அடர். நட்டு நிற்கும் மரம் பக்கவாட்டில் மட்டுமே வானத்தைப் பார்ப்பதால் மிக அடர். தூய வெள்ளையை 1 என்றும் கறுப்பை 10 என்றும் வைத்துக்கொண்டால், வானம் 1 முதல் 3, புல்தரை 4 அல்லது 5, சரிவு 6, மரம் 7 முதல் 9 என்று பிரிக்கலாம். சூரியன் தாழ்ந்து, நமக்குப் பின்னால் இருந்து வரும் நேரத்தில் இந்த வரிசை குலையும். அப்போது நட்டு நிற்பவைதான் பளிச்சிடும். அதற்காகத்தான் சூரியனை எதிரே வைத்தோம்.

மாட்டையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். மாடு ஒரு குட்டி நிலக்காட்சி. அதன் முதுகு தரைபோல மல்லாந்து கிடக்கிறது, வானத்தின் வெளிச்சத்தை வாங்குகிறது. விலா மரம்போல நட்டு நிற்கிறது, ஆகவே இருள். தோளிலிருந்து விலாவுக்கு இறங்குவது சரிவு. வயிற்றின் அடிப்பக்கம் மட்டும் ஒரு விதிவிலக்கு. வெயில்பட்ட புல்லிலிருந்து எதிரொளித்து மேலே வரும் வெளிச்சம் அங்கே படும். அதனால் அடிவயிறு விலாவைவிடச் சற்று வெளிறி, மஞ்சள் பச்சை ஏறித் தெரியும். இந்த நான்கையும் நான்கு பட்டையான வீச்சில் வைத்துவிட்டால், கண்ணும் மூக்கும் வரைவதற்கு முன்பே மாட்டுக்குக் கனம் வந்துவிடும்.

முதல் நாள்: பின்னணிச் சாயமும் பழுப்பு வரைவும்

வெள்ளைக் கேன்வாஸில் எந்த நிறத்தை வைத்தாலும் அடர்த்தியாகத் தோன்றி ஏமாற்றும். அதனால் பர்ன்ட் சியன்னாவையும் ரா அம்பரையும் டர்பன்டைனில் நீர்மோர் பதத்துக்குக் கரைத்து முழுக்கப் பூசி, துணியால் துடைத்துவிடுங்கள். இளம்பழுப்புச் சாயம் தங்கும். ஒரு நாள் காய விடவும்.

பிறகு ரா அம்பரும் டர்பன்டைனும் மட்டும் கொண்டு தூரிகையாலேயே தொடுவானம், மரம், மாடுகளின் கட்டி ஆகியவற்றைக் குறியுங்கள். மாட்டைக் கோட்டால் சுற்றி வரையாமல், நிழல் விழும் பகுதியை மொத்தமாக நிரப்புங்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்து எடுக்கலாம். இந்த வேலைக்கு ரா அம்பரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அதிலுள்ள மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் இறுகச் செய்யும். ஓரிரு நாளில் மேலே வேலை செய்யலாம். ஐவரி பிளாக் இதற்கு நேர் எதிர். எண்ணெய் அதிகம், காயவும் நாளாகும். அடியில் அதை வைக்கக் கூடாது.

இங்கேதான் எண்ணெய் ஓவியத்தின் அடிப்படை விதி வருகிறது: மெலிந்ததன்மேல் கொழுத்தது. முதல் அடுக்கில் டர்பன்டைன் மட்டும். இரண்டாவதில் டியூபில் வந்தபடியே வெண்ணெய்ப் பதம். மூன்றாவதில் ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, அதிலிருந்து சில சொட்டு மட்டும். மாற்றிச் செய்தால், எண்ணெய் அதிகமுள்ள அடியடுக்கு மெதுவாகக் காய்ந்துகொண்டு அசைந்துகொண்டிருக்கும்போதே மேலடுக்கு விறைத்துவிடும். விறைத்தது அசைவைத் தாங்காமல் வெடிக்கும். வெடிப்பு அடுத்த வாரம் தெரியாது. சில மாதமோ சில வருடமோ கழித்துத் தெரியும், அப்போது சரிசெய்ய வழி இருக்காது.

வானம்

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் வெறும் மேகங்களை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் குறிப்போவியங்களாக வரைந்து தள்ளினார். பலவற்றின் பின்பக்கம் நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். வானத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும்.

தொடுவானத்தை ஒட்டி வெள்ளையோடு கொஞ்சம் யெல்லோ ஓக்கர், ஊசிமுனை அளவு கேட்மியம் யெல்லோ. உச்சியில் வெள்ளையும் அல்ட்ராமரினும், நீலத்தின் கூச்சலைக் குறைக்கச் சிறிது பர்ன்ட் சியன்னா. இந்த மஞ்சளையும் நீலத்தையும் நேரடியாகச் சந்திக்க விட்டால் வானம் பச்சையாகும். நடுவில் வெள்ளை, ஓக்கர், துளி அலிசரின் சேர்ந்த மங்கிய ரோஜாச் சாம்பலை ஒரு பட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் இழைத்துவிடுங்கள். சூரியன் இருக்கும் இடதுபக்கம் வெளிர்ப்பும் வெதுவெதுப்பும் கூட வேண்டும். வலதுபக்கம் போகப் போகக் குளிர வேண்டும். ஒரே சீராகப் பூசிய வானம் சுவர்போல நிற்கும்.

வானத்து வண்ணத்தை மாட்டின் எல்லையோடு நிறுத்தாமல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மாட்டுக்குள்ளும் மரத்துக்குள்ளும் இழுத்து விடுங்கள். எல்லையோடு நிறுத்தினால் பிறகு மாட்டைச் சுற்றி ஒரு வெற்றுக் கோடு, ஒளிவட்டம்போல மிஞ்சும்.

நிலம்

தொலைவுக்குப் போகப் போகக் காற்றின் ஈரமும் தூசியும் நடுவே குறுக்கிடும். அடர்ந்தவை வெளிறும், பச்சை நீலத்துக்குச் சாயும், விளிம்புகள் கரையும். எனவே தொலைவு மரவரிசைக்கு அல்ட்ராமரின், வெள்ளை, துளி பர்ன்ட் சியன்னா; பச்சையே வேண்டாம். தேவாலயக் கோபுரமும் இதே கலவையில், வானத்தைவிட ஒரு படி மட்டும் அடர்த்தி.

நடுப்பகுதிப் புல்லுக்கு அல்ட்ராமரினும் ஓக்கரும் வெள்ளையும். முன்பகுதிக்குக் கேட்மியம் யெல்லோவோடு ஐவரி பிளாக். கறுப்போடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை வருமா என்று சந்தேகம் வரலாம். ஐவரி பிளாக்கில் நீலச் சாயல் உண்டு, மஞ்சளோடு சேரும்போது அருமையான ஆலிவ் பச்சை தரும். வெயில்பட்ட புல்லுக்கு அதில் ஓக்கர் கூட்டுங்கள், நிழலுக்குப் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் கூட்டுங்கள். எந்தப் பச்சை அதிகமாகக் கத்தினாலும் மருந்து சிவப்புத்தான்: ஒரு துளி பர்ன்ட் சியன்னா.

நிழலில் வெள்ளையைச் சேர்க்காதீர்கள். டைட்டானியம் ஒயிட் பலமான நிறம். நிழலுக்குள் கொஞ்சம் போனாலும் சுண்ணாம்படித்ததுபோல ஆக்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் மேலே மேலே பூசாமல், கத்தியால் அந்த இடத்தை வழித்து எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

மரத்தை இலை இலையாக அல்ல, கட்டியாக வையுங்கள். இலைக்கூட்டத்தின் நடுவே தெரியும் வானத் துளைகளைத் திறந்த வானத்தைவிட ஒரு படி அடர்த்தியாக வைக்க வேண்டும். அதே வெளிர்ப்பில் வைத்தால் துளைகள் மரத்துக்கு முன்னால் தொங்கும் பொட்டுகளாகத் தெரியும்.

ஒரு வாரம் காய விடுங்கள். தொட்டால் ஒட்டாத நிலை வந்த பிறகு மாடுகளுக்கு வரலாம்.

மாடு

முதலில் எலும்பு. விலாப்பெட்டியின் ஆழம் மாட்டின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே. அடிவயிற்றுக்குக் கீழே தெரியும் கால் பாதிக்குச் சற்றுக் குறைவு. காலை நீட்டி வரைவதுதான் பொதுவான பிழை, மாடு குதிரையாகிவிடும். முன்கால் மடங்கும்போது முட்டி முன்பக்கம் புடைக்கும். பின்காலில் பின்னோக்கிப் புடைத்துத் தெரியும் மூட்டு நம் குதிகாலுக்குச் சமமானது. பின்காலை முன்கால்போலத் தூணாக வரைந்தால் மாடு மேசையாகிவிடும். முதுகுக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல இருக்காது. தோளில் சற்று மேடு, நடுவில் லேசான தாழ்வு, இடுப்பெலும்பில் மறுபடி மேடு, பிறகு வாலடிக்கு இறங்கும். இடுப்பெலும்பின் இரண்டு முனைகளும் தோலுக்கடியில் முட்டிக்கொண்டு நிற்கும்; அந்த முனையில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். கைப்பின் மாடுகளில் அந்தப் புள்ளியை மட்டும் தேடிப் பாருங்கள், இடுப்பின் அகலம் முழுவதையும் அது சொல்லிவிடும்.

பழக்கத்துக்கு நம் தெருவில் நிற்கும் மாட்டைப் பார்த்து வரையலாம், தாராளமாக. ஆனால் காங்கேயம்போன்ற நம் நாட்டு மாடுகளுக்குத் திமிலும் தொங்கும் கழுத்துத் தாடியும் உண்டு. டச்சு மாட்டுக்குத் திமில் கிடையாது, தாடியும் சிறியது. டச்சுப் புல்வெளியில் திமில் வந்துவிட்டால் பார்ப்பவர் சட்டென்று பிடித்துவிடுவார். எலும்பின் போக்கு, காலின் மடிப்பு, மேயும்போது ஒரு முன்காலை முன்னே வைத்துக் கழுத்தைத் தாழ்த்தும் விதம் இவையெல்லாம் இரண்டுக்கும் பொதுதான்.

செம்பழுப்பு மாட்டின் நிழல் விலாவுக்குப் பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும், ஏழாம் படி அடர்த்தியில். முதுகின் மேல்தளத்துக்குப் பர்ன்ட் சியன்னாவோடு ஓக்கரும் வெள்ளையும்; சூரியன் பக்கத்து விளிம்பில் கனமான வண்ணத்தில் மெல்லிய பொன்னிறக் கோடு. வானம் மட்டும் பார்க்கும் இடுப்புமேட்டில் துளி நீலச் சாம்பல். அடிவயிற்றுக்கு நிழல் கலவையிலேயே கொஞ்சம் ஓக்கரும் புல்லின் பச்சையும். ஒரு தளத்துக்கு ஒரு வீச்சு, அடுத்த தளத்துக்கு அடுத்தது. தூரிகை விலாவின் வளைவோடு போகட்டும், நீளவாக்கில் அல்ல.

வெள்ளை மாடு வரைவதுதான் கடினமானது. மனம் அதை வெள்ளை என்று பிடிவாதம் பிடிக்கும். எதிர்வெயிலில் வெள்ளைப் பசுவின் நிழல் விலா வானத்தைவிட நிச்சயமாக அடர்த்தி. நீலச் சாம்பலோடு ஓக்கர் கலந்த நான்காம், ஐந்தாம் படி. ஒரு துண்டுக் காகிதத்தில் சின்னத் துளை போட்டு அந்த நிறத்தைத் தனியாகப் பார்த்தால் நம்புவீர்கள். கறுப்பு மாட்டையும் டியூப் கறுப்பில் வைக்காதீர்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த கறுப்பு உயிரோடு இருக்கும்.

தலையில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். நிழலில் இருக்கும் கண் ஒரே ஒரு இருண்ட தொடுகை. கொம்பு காதுக்கு மேலே முளைக்கிறது. காது கொம்புக்குக் கீழே பக்கவாட்டில் நீட்டுகிறது. தொலைவு மாடுகளுக்கு இரண்டு தொடுகை போதும்: இருளுக்கு ஒன்று, முதுகின் வெளிச்சத்துக்கு ஒன்று. நீலச் சாம்பல் கலந்தே வையுங்கள். முன்மாட்டின் அதே செம்பழுப்பைத் தொலைவிலும் வைத்தால் அது பறந்து முன்னால் வந்துவிடும்.

தரையில் நிறுத்துவது

குளம்பை வரையாதீர்கள். புல்லில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு தெரிவதில்லை. காலைக் கீழ்நோக்கி மங்கலாக முடித்து, அதன்மேல் கீழிருந்து மேலாகப் புல்லை இரண்டு, மூன்று வீச்சில் இழுத்துவிடுங்கள். கால் புல்லைச் சந்திக்கும் இடத்தில், படத்தின் மிக அடர்ந்த நிறத்தில் ஒரு சின்னத் தொடுகை. அந்த ஒரு தொடுகையில்தான் மாட்டின் கனம் மண்ணில் இறங்குகிறது.

விழும் நிழலுக்கும் கணக்கு இருக்கிறது. சூரியன் 45 பாகையில் இருந்தால் நிழலின் நீளம் உயரத்துக்குச் சமம். 30 பாகைக்கு இறங்கினால் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.7 மடங்கு, 1.4 மீட்டர் மாட்டுக்கு 2.4 மீட்டர் நிழல். சூரியன் இடப்பக்கம் எதிரே இருப்பதால் எல்லா நிழலும் வலப்பக்கமாக நம்மை நோக்கி விழ வேண்டும். மாடு, மரம், வேலிக்கம்பு எதற்கும் திசை மாறக் கூடாது. தாழ்ந்த கண்மட்டத்திலிருந்து பார்க்கும்போது தரைமேல் கிடக்கும் நிழல் சப்பையாகத்தான் தெரியும். அதைத் தடிமனாக வரைந்தால் குழிபோல ஆகிவிடும். நிழலின் நிறமும் கறுப்பு அல்ல, அதே புல்லின் இரண்டு படி அடர்ந்த, சற்றுக் குளிர்ந்த பச்சை.

கடைசியாக விளிம்புகள். மாட்டின் முதுகு வானத்தைத் தொடும் இடம் கூர்மையாக இருக்கட்டும். விலாவின் நிழல் பின்னாலிருக்கும் மாட்டின் நிழலோடு சேரும் இடத்தில் கோட்டை அழித்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். சுற்றிலும் ஒரே கூர்மையோடு கோடு ஓடினால் நாம் தொடங்கிய இடத்துக்கே, வெட்டி ஒட்டிய மாட்டுக்கே, திரும்பிவிடுவோம்.

காய்வதும் காப்பதும்

சில நாளில் அங்கங்கே, குறிப்பாக அம்பர் போட்ட இடங்களில், வண்ணம் பளபளப்பிழந்து செத்ததுபோலத் தெரியலாம். அடியடுக்கு எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்ததை மிக மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தால் நிறம் மீளும்.

காய்ந்துகொண்டிருக்கும் படத்தை அலமாரிக்குள் பூட்டாதீர்கள். இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் தெளியும். மழைக்காலத்தில் காய்வது மெதுவாகும், கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சையும் பிடிக்கும். காற்றோட்டமான, நேர்வெயில் படாத சுவரில், பின்னால் காற்று போகும்படி வையுங்கள். இறுதி வார்னிஷ் ஆறு மாதத்துக்கு முன்னால் வேண்டாம்; கனமாகப் பூசியிருந்தால் ஒரு வருடம் பொறுங்கள்.

ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்துவிடக் கூடாது. ஆக்சிஜனைப் பிடிக்கும்போது எண்ணெய் சூடாகும். கசங்கிய மடிப்புக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சியே இல்லாமல் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றைத் துணியாக விரித்துக் காய விட்டுப் பிறகு எறியுங்கள். தூரிகையை டர்பன்டைனில் அலசியதும் சோப்பு போட்டு, நுரையில் நிறம் வருவது நிற்கும் வரை கழுவி, மயிரை விரலால் நீவிப் படுக்க வைத்துக் காய விடுங்கள்.